காளைக்கன்றும் காயடித்தலும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள், நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசத் தயங்குகின்ற ஒன்று. இறைச்சிக்கு விற்பதற்காக வளர்க்கப்படும் காளைக்கன்றுகளுக்குக் காயடிப்பதைப் பற்றிச் சில விளக்கங்களைக் கூற விரும்புகிறோம். பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு இது என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாட்டால் வந்த நஷ்டம் அந்தப் பிள்ளையின் புத்தகப் பையிலும் காலணியிலும்தான் முதலில் தெரிகிறது. ஆகவே வெட்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டுத் தாய்மார்களும் கேட்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மாட்டுக்குத் தீனி வைப்பதும் தண்ணீர் காட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தாமே!

முதலில் பழைய கதை ஒன்றை நினைத்துக்கொள்வோம். நம் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தபோது, மாடு வளர்க்கும் அறிவையும் கூடவே கொண்டு வந்தார்கள். அவர்கள் காலத்தில் வண்டிக்கும் ஏருக்கும் அடங்கி நடக்கும் மாடு தேவைப்பட்டது. காளையை அப்படியே வண்டியில் பூட்ட முடியாது. அது முட்டும், கட்டை அறுக்கும், பசுவின் வாடை பட்டால் பாதையை விட்டே ஓடும். ஆகவே அதற்குக் காயடித்து எருதாக்கினார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விதையை இடுக்கி நசுக்குவது அந்நாளைய முறை. 'அடித்தல்' என்ற சொல் அந்தத் தொழிலுக்கு ஏன் வந்தது என்பது சொல்லாமலே விளங்கும். அதில் மாடு பட்ட வேதனை கொஞ்சமன்று. வேறு வழி தெரியாத காலம் அது.

தோட்டத்து மாட்டு வண்டிகள் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. 1970, 1980-ஆம் ஆண்டுகளில் லயத்துக்கு லயம் பசு இருந்தது. விடிகாலையில் சைக்கிளில் பால் கொண்டு போனவர்களை நம்மில் பலர் பிள்ளைப் பருவத்தில் பார்த்திருக்கிறோம். இன்று அத்தனை பேர் வளர்ப்பதில்லை. எனினும் தோட்ட ஓரங்களிலும், செம்பனை மரங்களுக்கு ஊடேயும், தோட்டத்தைவிட்டு வெளியேறிக் குடியேறிய இடங்களிலும், நாலு மாடு, ஆறு மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. கிடாரிக்கன்று பிறந்தால் பாலுக்கு வைத்துக்கொள்கிறோம். காளைக்கன்று பிறந்தால் வளர்த்து விற்கிறோம். வாங்குகிறவர் அதை இறைச்சிக்குத்தான் வாங்குகிறார். இந்நாட்டுக்கு வேண்டிய மாட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்துதான் வருகிறது. இந்தியாவிலிருந்து எருமை இறைச்சி வருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து உயிர் மாடுகளும் வருகின்றன. ஆதலால் உள்ளூரில் வளர்ந்த நல்ல மாட்டுக்கு எப்போதும் வாங்குவோர் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இறைச்சிக்கு விற்கும் கன்றுக்கு ஏன் காயடிக்க வேண்டும்? எல்லாக் கன்றுக்கும் அடிக்கத்தான் வேண்டுமா?

உண்மையைச் சொன்னால், எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. காயடிக்காத காளை, காயடித்ததைவிட வேகமாக வளரும். விதையில் சுரக்கும் ஆண் சுரப்புநீர் சதையை வளர்க்கிறது. ஒரே தீனி வைத்தாலும், காளை சுமார் பத்து விழுக்காடு கூடுதலாக எடை போடக்கூடும். கொழுப்பும் அதற்குக் குறைவு. ஆகவே ஒன்றிரண்டு கன்றுகளைத் தனியே கட்டி, தொட்டியில் தீனி வைத்து, ஓராண்டு கடந்ததும் விற்றுவிடுபவர்களுக்குக் காயடிக்காமல் விடுவதே இலாபமாக இருக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளின்போது கொர்பானுக்காக வாங்க வருபவர்களில் சிலர் காயடிக்காத காளையையே விரும்பிக் கேட்பதும் உண்டு. யாருக்கு விற்கப்போகிறோம் என்பதை முன்னதாகவே யோசித்து, வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அடித்துவிட்ட பிறகு திரும்பப் பெற முடியாத காரியம் அல்லவா இது?

ஆனால் நம் மக்களில் பெரும்பாலோர் மாட்டை அப்படித் தனியே கட்டி வளர்ப்பதில்லை. பசு, கிடாரி, காளைக்கன்று எல்லாம் ஒன்றாகவே மேய்கின்றன. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. கலப்பினக் காளைக்கன்று ஒன்பது, பத்து மாதத்திலேயே சினைப்படுத்தும் சக்தியைப் பெற்றுவிடலாம். நாட்டு மாட்டுக்குச் சற்றுக் காலம் கூடுதலாகும். கூட மேயும் கிடாரி அதன் உடன்பிறப்பாக இருக்கலாம், தாயாகவும் இருக்கலாம். இரத்தக் கலப்பில் பிறக்கும் கன்றுகள் சோடையாகப் போவதற்கு இடமுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, எலும்பு முற்றாத கிடாரி சினைப்பட்டுவிடுவது. ஏறத்தாழ ஒன்பது மாதம் பத்து நாள் சுமந்து, ஈனும் நேரத்தில் கன்று வெளியே வரமுடியாமல் சிக்கிக்கொள்ளும். பால் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்த கிடாரியும் போகும், கன்றும் போகும். அடிக்காமல் விட்ட ஒரு காளையால் இரண்டு உயிர் போன வீடுகளை நாம் அறிவோம்.

மற்றொன்று, பிள்ளைகளின் பாதுகாப்பு. பள்ளி விட்டு வந்ததும் மாடு ஓட்டப்போவது பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள். இரண்டு வயதுக் காளைக்கு எதிரில் அந்தப் பையன் எம்மாத்திரம்? காயடித்த மாடு சாதுவாக இருக்கும், வேலி உடைக்காது, தோட்டத்து இளம் செம்பனைக் கன்றுகளில் புகுந்து நாசம் செய்து நிர்வாகத்தின் கோபத்தைத் தேடித்தராது. இறைச்சியின் தரத்திலும் வேற்றுமை உண்டு. வயது கூடிய காளையின் இறைச்சி முறுகலாக இருக்கும். மேலும் காளைகள் லாரியில் ஏற்றும்போது ஒன்றோடொன்று முட்டி மோதி மிரண்டு களைத்துப்போவதால், இறைச்சி கறுத்துப்போவதும் உண்டு. காயடித்த மாட்டின் இறைச்சி மிருதுவாகவும் கொழுப்பு பரவியதாகவும் இருக்கும்.

சுருங்கக் கூறின், தனியே கட்டி இளம் வயதிலேயே விற்பதானால் அடிக்காமல் விடலாம். கூட்டமாக மேயவிட்டு, ஒன்றரை, இரண்டு வயதுவரை வளர்ப்பதானால் அடிப்பதே நலம். இதை முடிவு செய்யவேண்டிய காலம், கன்று பிறந்த முதல் மாதமே. பெரிதான பின்பு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவதால் வரும் கேட்டுக்கு நம் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம்.

நாம் ஆசிரியராகப் பணியாற்றும் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் தாத்தா. நாலு மாடு வைத்திருந்தார். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று எல்லாரும் நம்பினோம். அவருடைய பேரன் அப்போது நம் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். செவலைக் காளைக்கன்று ஒன்றை அவன்தான் வளர்த்தான். வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், தலைப்பு எதுவாக இருந்தாலும் அந்தக் கன்று எப்படியாவது கட்டுரைக்குள் வந்துவிடும். கன்றை விற்று அவனுடைய அக்காளை மேற்படிப்புக்கு அனுப்புவதாக வீட்டில் பேச்சு.

ஒரு நாள் மாலை பெரியவர் பள்ளி வாசலுக்கு வந்தார். "வாத்தியாரையா, கன்னுக்கு எட்டு மாசம் ஆச்சு. துள்ளிக்கிட்டு நிக்குது. காயடிக்கணும். இலாகாக்காரங்களைக் கூப்பிடலாமா, இல்லே நானே பாத்துக்கவா?" என்று கேட்டார். அவருக்கு மலாயில் எழுதவோ, தொலைபேசியில் அதிகாரிகளிடம் பேசவோ பழக்கமில்லை. நம்மைக் கேட்டதன் பொருள் அதுதான். அன்று நாம் தேர்வுத்தாள் திருத்தும் அவசரத்தில் இருந்தோம். "உங்களுக்குத் தெரியாததா தாத்தா, எத்தனை மாட்டைப் பார்த்தவர் நீங்கள்!" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மரியாதையாகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டோம். தெரிந்துகொண்டு சொல்லவேண்டிய பொறுப்பைத் தட்டிக் கழித்தோம் என்பது பிறகுதான் உறைத்தது.

பெரியவர் தமக்குத் தெரிந்த முறையில் செய்தார். கன்றைக் கீழே தள்ளிக் காலைக் கட்டி, சவர பிளேடால் கீறி எடுத்தார். காயத்தில் சாம்பலும் மண்ணெண்ணெயும் பூசினார். பேரன்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மழைக்காலம், கொட்டகை முழுதும் சேறு. நாலாம் நாள் புண்ணில் புழு வைத்துவிட்டது. புழுவை எடுத்துவிட்டார்கள். புண்ணும் ஆறுவதுபோல் தெரிந்தது. பத்தாம் நாள் பையன் பள்ளிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாம் லயத்துக்குப் போனோம்.

கன்று நான்கு கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டு மரக்குதிரைபோல் நின்றது. வால் விறைத்துத் தூக்கியிருந்தது. கண்ணின் ஓரத்துச் சவ்வு கண்ணை மூடியிருந்தது. பையன் கையில் பசும்புல்லை வைத்துக்கொண்டு அதன் வாயருகே நின்றான். "சார், வாயைத் தொறக்கவே மாட்டேங்குது. அதுக்குப் பசிக்கலியா சார்?" என்று கேட்டான். அன்றே தொலைபேசி செய்தோம். இலாகா ஊழியர் வந்து பார்த்துவிட்டு, முற்றிவிட்டது என்றார். மறுநாள் கன்று செத்துப்போனது. பெரியவர் அதன்பின் நெடுநாள் நம் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நமக்கும் அவரைப் பார்த்துப் பேச முகமில்லை.

நேயர்களே, அந்தக் கன்றுக்கு வந்த நோய் டெட்டனஸ். இரண ஜன்னி என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். தோட்டத்தில் காலில் துருப்பிடித்த ஆணி குத்தினால், மருந்தகத்தில் ஊசி போடுகிறார்களே, அதே நோய்க்குத்தான். இதை உண்டாக்கும் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்கிறது. காற்றுப் புகாத ஆழமான புண்ணிலும், செத்த சதையிலும் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சு நரம்பைப் பற்றித் தசைகளை விறைக்கச் செய்கிறது. புண் ஆறிவிட்டதுபோல் தெரியும்; ஒரு வாரம், இரண்டு வாரம், சில வேளை மூன்று வாரம் கழித்துத்தான் நோய் வெளியே காட்டும். கன்றுக்குப் பசி இருந்தது. தாடை பூட்டிக்கொண்டதால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்தப் பையனுக்கு நாம் அன்று சொல்ல முடியாமற்போன பதில் இதுவே.

இனி, காயடிக்கும் முறைகளைப் பார்ப்போம். மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது, ரப்பர் வளையம். தடித்த சிறு வளையத்தை ஓர் இடுக்கியால் விரித்து விதைப்பையின் மேற்பகுதியில் மாட்டிவிடுவார்கள். இரத்த ஓட்டம் நின்று, சில வாரங்களில் விதைப்பை காய்ந்து விழுந்துவிடும். இது பிறந்த முதல் வாரத்துக் கன்றுக்கே ஏற்றது. இரண்டு விதைகளும் வளையத்துக்குக் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தே மாட்டவேண்டும். ஒன்று மேலே தங்கிவிட்டால் வேலை கெட்டது. செத்த சதை நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதால் இரண ஜன்னிக்கு இடம் கொடுக்கும் முறையும் இதுவே. தடுப்பூசி போடாமல் இதைச் செய்யக்கூடாது. பெரிய கன்றுக்குச் சாதாரண ரப்பர்ப் பட்டையைச் சுற்றிக் கட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கொடுமையிலும் கொடுமை.

இரண்டாவது, புர்டிசோ இடுக்கி. இத்தாலி நாட்டைச் சேர்ந்த புர்டிசோ என்ற கால்நடை மருத்துவரின் பெயரால் வழங்குவது. நீண்ட இரண்டு பிடிகளும் மழுங்கிய வாயும் கொண்ட பெரிய இடுக்கி அது. தோலை அறுக்காமல், உள்ளே விதைக்குச் செல்லும் தண்டை மட்டும் நசுக்கிவிடும். இரத்தம் வராது, வெளியே புண் இராது, ஆதலால் ஈயும் புழுவும் அண்டாது. நம்முடைய வெப்பத்துக்கும் மழைக்கும் இது மிகவும் ஏற்ற முறை. ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்துவிடுவது உத்தமம்.

இதில் மாட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. இடப்பக்கத் தண்டைத் தனியாகவும் வலப்பக்கத் தண்டைத் தனியாகவும் நசுக்கவேண்டும். இரண்டு தடங்களும் ஒரே கோடாகச் சேர்ந்துவிடக்கூடாது. நடுவே தோல் நசுங்காமல் இருக்கவேண்டும். குறுக்கே ஒரே பிடியாகப் பிடித்தால், விதைப்பை முழுவதும் அழுகி விழும். மற்றொன்று, இடுக்கி பழையதாகி வாய் ஒழுங்காகச் சேராமற்போனாலோ, தண்டு நழுவிப்போனாலோ, ஒரு பக்கம் அடிபடாமல் தங்கிவிடும். ஆகவே ஆறு வாரம் கழித்துத் தடவிப் பார்க்கவேண்டும். விதைகள் சுருங்கியிருந்தால் வேலை முடிந்தது. சுருங்காவிட்டால் மறுபடியும் இலாகாவை அழைக்கவேண்டும். அதுவரையில், கன்று பருவமடையும் வயதில் இருந்தால், கிடாரிகளோடு விடவே கூடாது.

மூன்றாவது, கத்தி கொண்டு அறுத்து எடுப்பது. நிச்சயமான முறை, தப்பவே தப்பாது. ஆனால் இது கால்நடை மருத்துவர் கையால், மரப்பு ஊசி போட்டு, கொதிநீரில் சுத்தம் செய்த கருவியால் நடக்கவேண்டிய காரியம். வயது கூடிய கன்றுக்குப் பெரும்பாலும் இதையே செய்வார்கள். உள்ளே நீர் தங்காமல் வடிவதற்காகப் பையின் அடிப்பகுதியைத் திறந்தே விடுவார்கள். தையல் போடவில்லையே என்று பயப்பட வேண்டியதில்லை. நாமாக அதைக் கட்டிவிடவும் கூடாது.

எந்த முறையானாலும் வலி உண்டு. இரத்தம் வராததால் புர்டிசோ இடுக்கியில் வலியில்லை என்று சிலர் கூறுவது தவறு. நசுங்கும் நரம்பு வலிக்கத்தானே செய்யும்? மரத்துப்போகும் ஊசியும், அதன்பின் ஒன்றிரண்டு நாளுக்கு வலியைத் தணிக்கும் ஊசியும் இன்று கிடைக்கின்றன. "ஊசி போடுவீர்களா?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விலங்கைத் தேவையில்லாமல் வதைப்பது அதன்படி குற்றம். சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, வாயில்லாச் சீவன் என்ற எண்ணத்தால் செய்வது மேல்.

செய்யும் நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மழையில்லாத நாளாக, வெயில் ஏறாத காலை வேளையாக இருக்கட்டும். காய்ச்சல், கழிச்சல் உள்ள கன்றுக்குச் செய்யக்கூடாது. பால் மறக்கச் செய்யும் நாளிலோ, கொம்பு சுடும் நாளிலோ, வேறு இடத்துக்கு ஓட்டிச் செல்லும் நாளிலோ சேர்த்துச் செய்யவேண்டாம். ஒரு துன்பம் ஆறிய பிறகே மற்றொன்று. இரண ஜன்னித் தடுப்பூசியை எப்போது போடவேண்டும் என்று முன்கூட்டியே இலாகாவில் கேட்டறிந்து, அதன்படி நாளைக் குறிக்கவேண்டும்.

அடித்த பின் செய்யவேண்டிய பராமரிப்புக்கு வருவோம். இங்கேதான் வீட்டுத் தாய்மார்களின் கண் வேண்டும். கன்று நிற்கும் இடம் காய்ந்திருக்கவேண்டும். சாணத்தை அன்றாடம் இரண்டு வேளை அள்ளிவிட வேண்டும். முதல் மூன்று நான்கு நாட்களுக்கு வீக்கம் இருப்பது இயல்பு. கன்றைப் படுக்கவிட்டே வைக்காமல் மெல்ல நடக்கவிட்டால் வீக்கம் வடியும். காலையும் மாலையும் பின்னால் குனிந்து பார்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு இதை விடாமல் செய்யவேண்டும். வீக்கம் கூடிக்கொண்டே போனாலும், கெட்ட வாடை வந்தாலும், இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தாலும், கன்று தீனி தின்னாமல் ஒதுங்கி நின்றாலும் அன்றே இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும். நடை விறைப்பது, வால் தூக்கி நிற்பது, வாய் திறக்கச் சிரமப்படுவது, வயிறு உப்புவது, இவை இரண ஜன்னியின் அடையாளங்கள். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது.

மண்ணெண்ணெய், பழைய இயந்திர எண்ணெய், சாம்பல், சாணம் இவற்றை எந்தப் புண்ணிலும் பூச வேண்டாம். எண்ணெய் சதையைச் சுடும். சாணமும் மண்ணும் கிருமியைக் கொண்டு சேர்க்கும். மருத்துவர் கொடுக்கும் மருந்தையும் ஈ அண்டாத மருந்தையும் மட்டுமே பயன்படுத்தவேண்டும்.

ஈயைப் பற்றி ஒரு வார்த்தை தனியே கூறவேண்டும். நம் நாட்டில் திருகுப்புழு ஈ என்று ஒன்று உண்டு. மற்ற ஈக்களின் புழு செத்த சதையைத் தின்னும். இதன் புழுவோ உயிருள்ள சதையையே தின்னும். புண்ணின் ஓரத்தில் ஒரே தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுவிடும். ஒரு நாளுக்குள் அவை பொரித்து, திருகாணி இறங்குவதுபோல் தலைகீழாகச் சதைக்குள் இறங்கும். ஒரு வாரத்துக்குள் வளர்ந்து மண்ணில் விழுந்து, மீண்டும் ஈயாகும். புதிதாகப் பிறந்த கன்றின் தொப்புளையும் இது விடாது. இந்த ஈயை ஒழிக்க வழி தேடி, 1990-ஆம் ஆண்டுகளில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் உள்ள விலங்கு நிலையத்தில் ஆஸ்திரேலியர்களும் நம் நாட்டவரும் சேர்ந்து ஆராய்ச்சி நடத்தினார்கள். ஈக்களை மலடாக்கிப் பறக்கவிட்டால் பெண் ஈ இடும் முட்டை பொரிக்காது என்பது அதன் அடிப்படை. எனினும் ஈ இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. புழு கண்டால் எடுத்துப்போட்டதோடு விட்டுவிடாமல், உள்ளே தங்கியவற்றுக்கும் மருந்து வாங்க வேண்டும். எடுத்த புழுவை மண்ணில் எறியாமல் கொதிநீரில் போட்டு அழிக்கவேண்டும்.

கன்று தேறிய பிறகு தீனியைக் குறைக்காதீர்கள். காயடித்த கன்று தானே கொழுக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. காட்டுப் புல்லை மட்டும் நம்பினால் அது எலும்பும் தோலுமாகத்தான் நிற்கும். லாலாங் புல் முற்றிவிட்டால் அதில் சத்தில்லை. வீட்டோரத்தில் நேப்பியர் புல் ஒரு பாத்தி நட்டு, இளம் பதத்தில் அறுத்துப் போடலாம். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு நம் நாட்டிலேயே தாராளமாகக் கிடைக்கும் தீனி. கன்று பழகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். உப்புக்கட்டியும் சுத்தமான தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். குடற்புழு மருந்தையும் மறக்கவேண்டாம்.

இறுதியாக, மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும் ஒன்றையும் பேசிவிடுகிறோம். நாம் மாட்டைத் தெய்வமாகக் கும்பிடும் மக்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுகிறோம். நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டிறைச்சி உண்பதில்லை. ஆனாலும் காளைக்கன்றை விற்கிறோம். லாரியில் ஏறிய பிறகு அது எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்கிறோம். 'எப்படியும் சாகப்போகிற மாடு, இதற்குப் போய் ஊசியென்ன, மருந்தென்ன' என்று ஒரு சிலர் சொல்லும்போது, அந்தப் பாசாங்குதான் பேசுகிறது.

விற்பது தவறு என்று நாம் கூற வரவில்லை. கன்று விற்ற பணத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் படித்து மேலே வந்திருக்கிறார்கள். நம் பள்ளிக்கூட நூலக அலமாரி ஒன்றுகூட அப்படி ஒரு குடும்பம் கொடுத்த பணத்தில் வாங்கியதுதான். நாம் கூறுவது இவ்வளவே: நம் கொட்டகையில் நிற்கும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்தான் அந்த மாட்டுக்கு வாழ்க்கை. அந்த வாழ்க்கையை நல்லபடி வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. நம் சோற்றுக்காக அது உடலைத் தருகிறது. அதற்கு வலி குறைவான ஒரு காலைப்பொழுதை நாம் தரக்கூடாதா?

பெரியவரின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. மறு ஆண்டு அவருடைய பசு மீண்டும் ஒரு காளைக்கன்றை ஈன்றது. இம்முறை அவர் கேட்பதற்கு முன்பே, பேரன் நம்மிடம் வந்தான். கையில் ஒரு காகிதம். கன்று பிறந்த தேதியும், தொப்புளுக்கு மருந்து போட்ட தேதியும் எழுதியிருந்தான். "சார், ஒரு மாசம் ஆகப்போவுது. இலாகாவுக்கு எப்படிப் பேசறதுன்னு சொல்லிக் குடுங்க. நானே பேசறேன்" என்றான். மலாய் மொழிப் பாட வேளையில், எப்படி அழைப்பது, என்ன கேட்பது, தோட்டத்துக்கு வழி எப்படிச் சொல்வது என்பதை வகுப்பு முழுவதற்குமே பாடமாக நடத்தினோம். அவன்தான் பேசினான். ஊழியர் இடுக்கியோடு வந்தார், ஊசி போட்டார், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெரியவர் தாமே கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபின் நம்மைப் பார்த்து, "இப்படியும் ஒரு வழி இருந்திருக்கு பாருங்க வாத்தியாரையா" என்றார். நாம் தலைகுனிந்து கொண்டோம்.

அன்புள்ள நேயர்களே, உங்கள் வட்டாரத்துக் கால்நடை மருத்துவ இலாகாவின் தொலைபேசி எண்ணை இன்றே கேட்டு வாங்கி, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளையை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் தெரியாவிட்டால், அவனுடைய ஆசிரியரிடம் வாருங்கள். எங்களில் எவரேனும் அவசரத்தில் இருப்பதாகக் கூறினால், விட்டுவிடாதீர்கள், நின்று கேளுங்கள். கேட்டவருக்குப் பதில் தேடித் தருவது எங்கள் கடமை.